பாடவேளையில் படம் போடுவது குறித்து நீலகிரி மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஒன்றியங்களின் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும், மாவட்டத்தின் தலைமை ஆசிரியர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

கோத்தகிரி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். குழுக் கூட்டங்களில் அடிக்கடி தலைகாட்டி, தீர்மானப் புத்தகத்தில் ஏறாமலேயே கலைந்துபோகும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். பாடவேளையில், பாடத்தோடு தொடர்பில்லாத சினிமாவையும் நகைச்சுவைத் துணுக்குகளையும் கார்ட்டூன்களையும் வகுப்பறைத் திரையில் ஓட விடலாமா என்பதே அந்தக் கேள்வி. கூடாது என்பது என் கருத்து. ஆயினும், கூடாது என்று ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்பினால் தீர்ந்துவிடும் காரியமாக இதை நான் பார்க்கவில்லை. ஆசிரியர் படம் போடுவதற்கான காரணங்களில் பெரும்பகுதி ஆசிரியரின் கையில் இல்லை. அவை உங்கள் அலுவலகங்களிலும் அதற்கு மேலேயும் இருக்கின்றன. ஆகையால்தான் இம்மடலை ஆசிரியர்களுக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வகுப்பறையில் காணொளியே வேண்டாம் என்று சொல்லும் கட்சியைச் சேர்ந்தவர்கள் எங்கள் குழுவில் எவரும் இல்லை. இந்த மலையில் காணொளி இல்லாமல் நடத்தவே முடியாத பாடங்கள் உண்டு. கொடைக்கானல், மூணாறு மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல்தான் பூக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் குழந்தை 2018இல் நடைபழகிக்கொண்டிருந்திருக்கும், அல்லது அங்கன்வாடியில் இருந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே பருவத்தில் மலைச்சரிவு முழுவதும் பூத்து, விதைவிட்டு மடியும் ஒரு செடியின் வாழ்க்கையை அந்தக் குழந்தைக்கு நான்கு நிமிடக் காணொளியில் காட்டும் ஆசிரியர் கரும்பலகையால் செய்ய முடியாத ஒன்றைச் செய்கிறார்.

மலை இரயிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை ஏறத்தாழ 46 கி.மீ. நீளும் அந்தப் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்சட்டம் பதித்திருக்கிறார்கள்; ஏறத்தாழப் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி ஏறும் அந்தச் செங்குத்தில், எஞ்சினின் பற்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்வித்தான் மேலேறுகிறது. யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்த இரயிலை எங்கள் பிள்ளைகளில் பலர் தினமும் கேட்கிறார்கள், ஆனால் அதன் அடிவயிற்றைப் பார்த்ததில்லை. பற்கள் கவ்வும் காட்சியைப் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு நிமிடப் படத்தைக் காட்டி, அங்கேயே நிறுத்தி, உராய்வு என்றால் என்ன, சாதாரண இரும்புச் சக்கரம் இங்கே ஏன் வழுக்கும் என்று கேட்டால் அறிவியல் பாடம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

மூன்றாவதாக மண்சரிவு. 2009 நவம்பரில் இம்மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சமூக அறிவியல் புத்தகத்தில் பேரிடர் மேலாண்மை ஒரு பாடமாக இருக்கிறது. நீரைக் குடித்து ஊதிய மண் எப்படித் தன் பிடியை இழக்கிறது, சரிவை வெட்டி வீடு கட்டினால் அதன் பாரம் எங்கே போய் இறங்குகிறது என்பதை அசைவோடு பார்க்கும் மாணவர், ஆகஸ்ட் மாதத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள திட்டில் விரிசல் கண்டால் அதைப் பெரியவர்களிடம் சொல்லத் தெரிந்தவராக இருப்பார். இவற்றையெல்லாம் காட்டத்தான் ஸ்மார்ட் போர்டு. 2024இல் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசு அறிவித்தபோது எங்களைப் போன்ற பெற்றோர்கள் மகிழ்ந்ததும் இதற்காகத்தான். பாடப் புத்தகத்தில் அச்சிட்ட விரைவுக் குறியீடுகள், கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி என்று தமிழிலேயே பாடக் காணொளிகள் கிடைக்கும் காலம் இது. பொருள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

நான் பேச வந்தது வேறொன்றைப் பற்றி. கணக்கு ஆசிரியர் விடுப்பில் இருக்கிறார். அந்தப் பாடவேளைக்கு அனுப்பப்பட்டவர் பென் டிரைவைச் செருகிப் படத்தை ஓட்டிவிட்டு நோட்டுத் திருத்துகிறார். மழைக்குப் பயந்து பாதிப் பிள்ளைகள் வரவில்லை. புதுப் பாடம் நடத்தினால் வராதவர்களுக்கு மறுபடி நடத்த வேண்டும் என்பதால் வந்தவர்களுக்குப் படம். தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுக்கும் வாரம், படம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. யூடியூபில் நகைச்சுவைத் தொகுப்பு. இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிய குற்றமாகத் தோன்றாது என்பதும், ஒன்றோடொன்று சேரும்போது என்ன ஆகிறது என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை என்பதும்தான் இதிலுள்ள சிக்கல்.

கூட்டிப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலைநாட்களும் 1,000 மணி நேரக் கற்பித்தலும், ஒன்று முதல் ஐந்து வரை 200 வேலைநாட்களும் 800 மணி நேரமும் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும் என்கிறது. அதாவது நடுநிலை வகுப்புக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு நாலரை மணி நேரக் கற்பித்தல் சட்டப்படி உரியது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று அந்த நாளின் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டுவிடும். 40 நிமிடப் பாடவேளைகளில் கணக்கிட்டால் ஏறக்குறைய நான்கு. பின்னங்களைப் பெருக்குவது எப்படி என்று ஒரு வகுப்புக்குப் புரியவைக்க ஆகும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். எந்தப் பாடம் விட்டுப்போனது என்று பதிவேட்டில் தெரியாது, ஏனென்றால் பதிவேட்டில் அந்தப் பாடவேளைகள் நடந்ததாகவே இருக்கும்.

கோவையிலோ திருப்பூரிலோ விட்டுப்போன பாடத்தை மாலையில் ஒரு சிறப்பு வகுப்பு வைத்துப் பிடித்துவிடலாம். இங்கே அது நடக்காது. நான்கரை மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாத ஹட்டிகளிலிருந்தும் (படகர் ஊர்கள்) எஸ்டேட் லைன்களிலிருந்தும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் வருகிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் இருட்டுவதற்கு முன் வீடு சேர வேண்டும். கோத்தகிரி பக்கம் கரடியும் காட்டுமாடும், பந்தலூர், தேவாலா பக்கம் யானையும் நடமாடும் வழியில் ஆறு மணிக்கு மேல் ஒரு பெண் குழந்தையைத் தனியாக அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். இலை பறித்து எடை போட்டுவிட்டு அவள் வீடு திரும்பும் நேரமும் அதுதான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. டியூஷன் என்பது ஊட்டி, குன்னூர், கூடலூர் டவுனில் இருப்பவர்களுக்கு மட்டும் எட்டுவது. சமவெளிப் பள்ளியில் ஒரு பாடவேளை வீணானால் அதை ஈடுகட்டப் பல வழிகள் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள நேரம் மட்டுமே உண்டு.

அந்த நேரத்தையும் வானம் பாதி எடுத்துக்கொள்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட ஆண்டு அபூர்வம்தான். ஆனாலும் தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர், குந்தா வட்டங்களுக்கும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி வட்டங்களுக்கும் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்காத ஆண்டு கிடையாது. அந்த அறிவிப்புகள் உயிர் காக்கும் அறிவிப்புகள். அவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விடுபட்ட நாட்களை ஈடுசெய்யப் பிறகு சனிக்கிழமைகளில் பள்ளி வைக்கிறீர்கள். அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல். வருகை குறைவு, மதிய உணவு முடிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள் என்று சொல்லி, பல இடங்களில் அன்று திரை இறங்கிவிடுகிறது. மழைக்கு இழந்த பாடத்தைத் திரும்பப் பெறவென்று வைத்த நாளைச் சினிமாவுக்குக் கொடுத்துவிட்டு, வேலைநாள் கணக்கு நிறைவடைந்தது என்று அறிக்கை அனுப்புவது எப்படி நியாயமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பேசாமல் விடுமுறையே விட்டிருக்கலாம். இரண்டு பேருந்து மாறி வரும் பிள்ளைக்கு அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும்.

இதற்கு மறுமொழியாக ஆசிரியர்கள் சொல்லும் ஒன்றை நான் இலேசாக ஒதுக்கிவிட மாட்டேன். படம் போடுகிறோம் என்றால் பிள்ளைகள் வருகிறார்கள் என்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் ஒவ்வொரு காலையும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று சட்டப் பிரிவு பேசும் துணிவு எனக்கு இல்லை. பள்ளியை அந்நியமான இடமாக நினைத்து மிரளும் குழந்தையின் முகத்தில் சிரிப்பு வரவழைக்கும் எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் படத்துக்காக வந்த பிள்ளையை, வந்த பிறகு எழுத்துக்கும் எண்ணுக்கும் அழைத்துச் செல்லும் இரண்டாவது அடியை எடுத்து வைத்தால்தான் முதல் அடிக்குப் பொருள் உண்டு. பெரும்பாலான நாட்களில் அந்த இரண்டாவது அடியை எடுத்துவைக்க நேரம் இருப்பதில்லை. எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகும்போது, தடையின்றி ஒரு பத்தியைப் படிக்க முடியாமல் கூனிக் குறுகி, மூன்றாம் மாதம் நின்றுவிடுவதும் அதே பிள்ளைதான். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு படம் பொழுதுபோக்கு. படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அது அன்றைய வகுப்பையே பறித்துக்கொள்வது. வேடிக்கை என்னவென்றால் இரண்டாவது பிள்ளைதான் அதை அதிகம் ரசிக்கும். ஆகையால் யாரும் முறையிடப் போவதில்லை.

இனி, என்ன படம் என்ற கேள்வி. இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பொழுதுபோக்குத்தானே, என்னவானாலும் என்ன என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கும் நகைச்சுவைக் காட்சிகளில் எத்தனை, கருத்த தோலையும் பருத்த உடலையும் திக்கிப் பேசும் வாயையும் வைத்துச் சிரிக்கவைப்பவை என்று எண்ணிப் பாருங்கள். நம் வெகுமக்கள் சினிமாவில் காட்டுக்குள் வாழ்பவர் என்றால் முகத்தில் சாயம் பூசி, இலை கட்டி, பொருளற்ற ஒலிகளை எழுப்பிக்கொண்டு ஈட்டியோடு குதிப்பவர் என்ற படிமம் நெடுங்காலம் ஓடியிருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள் வாழும் மாவட்டம் இது. அந்தக் காட்சி திரையில் ஓடும்போது வகுப்பே சிரிக்கிறது; மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குறும்பர் குழந்தையும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது. மறுநாள் விளையாட்டு மைதானத்தில் அந்த வசனம் அதே குழந்தையின் மேல் வந்து விழுகிறது. ஆசிரியர் இதை நினைத்துச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் அந்த நேரத்தில் பின் வரிசையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்திருப்பார்.

சான்றிதழைப் பார்ப்பதும் வழக்கத்தில் இல்லை. திரைப்படச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தத்தின்படி, பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய படங்களை ஏழு வயது, பதின்மூன்று வயது, பதினாறு வயது என்று மூன்றாகப் பிரித்துச் சான்று தருகிறார்கள். தணிக்கைக் குழுவே பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பெற்றோர் துணை வேண்டும் என்று சொல்லும் ஒரு படத்தை, பெற்றோரைக் கேட்காமல் ஆறாம் வகுப்புக்குப் போடுவது எந்த வகையில் சரி? யூடியூபில் நேரடியாக ஓட்டினால் நடுவில் வரும் விளம்பரங்களும், முடிந்தவுடன் தானாகத் தொடங்கும் அடுத்த காணொளியும் யார் தேர்ந்தெடுத்தவை என்பதையும் யோசிக்க வேண்டும்.

பதிப்புரிமை பற்றியும் ஒரு சொல். கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளுக்கு இடையே, ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் நிறுவனத்தோடு தொடர்புடையோரும் மட்டும் பார்க்கும்படி திரைப்படம் காட்டுவதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. அந்த விலக்கைப் பெற்ற ஓர் இடத்தில், படம் வெளியான வாரத்திலேயே திருட்டுத்தனமாக இறக்கிய பிரதி ஓடுவது அழகில்லை. பிறர் உழைப்பை மதிக்கச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அதே சுவர்களுக்குள்தான் நடக்கிறது.

பாடத்தைச் சுவையாக்கவென்று நடு நடுவே சினிமாத் துணுக்குகளைக் கலப்பது வேறு வகை. இதில் நல்லெண்ணம் இருக்கிறது, ஆகவே கண்டிக்க மனம் வரவில்லை. இருந்தாலும் ஆராய்ச்சி இதற்குத் துணை நிற்கவில்லை. காட்சி வழிக் கற்றலைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் அவருடைய குழுவினரும் திரும்பத் திரும்பக் கண்டது, கற்க வேண்டிய பொருளோடு தொடர்பில்லாத, ஆனால் கவர்ச்சியான செய்திகளைப் பாடத்தில் சேர்த்தால் மாணவர் அந்தக் கவர்ச்சியை நினைவில் வைத்துக்கொண்டு பாடத்தைக் குறைவாகவே உள்வாங்குகிறார் என்பதைத்தான். நீண்ட விளக்கத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, மாணவர் தம் வேகத்தில் நகரும்படி கொடுத்தால் கற்றல் மேம்படுகிறது என்பதும் அதே ஆய்வுகளில் வெளிப்பட்டது. வீட்டில் படகர் மொழியான படுகு பேசுகிற, பணியர் மொழி பேசுகிற, மலையாளமோ கன்னடமோ பேசுகிற குழந்தைகள் கலந்து உட்காரும் நம் வகுப்புகளில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சென்னைத் தமிழில் மூச்சுவிடாமல் ஓடும் காணொளியை நிறுத்தி, இப்போது என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அந்தக் குழந்தையின் சொல்லில் அதை வாங்கி, மறுபடி ஓட விடும் ஆசிரியர் தேவை. நிறுத்தும் பொத்தானை ஒருமுறைகூடத் தொடாமல் முழுதும் ஓடவிட்ட காணொளி, பாடம் பற்றியதாகவே இருந்தாலும், பொழுதுபோக்கின் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே கொள்வேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆசிரியர் ஏன் அந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே என் மடல் உங்கள் அலுவலகத்தை நோக்கித் திரும்புகிறது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் தொடக்கப் பள்ளியில், ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் ஓர் அறையில் அடைத்துவைத்துக்கொள்ள வேண்டும். எமிஸ் என்ற கல்வித் துறை இணையத் தகவல் தளத்தில் பதிவு முடிக்கவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் காலை பத்து மணிக்குப் பட்டியல் வருகிறது. நெட்வொர்க் கிடைக்கும் மூலையைத் தேடி ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போகிறார். உதவித்தொகை, வங்கிக் கணக்கு, ஆதார், விலையில்லாப் பொருட்களின் கணக்கு, வாக்காளர் பட்டியல் என்று ஒவ்வொன்றும் பாடவேளைக்குள்ளேயே நுழைகிறது. உயர்நிலைப் பள்ளிகளில் பாட ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், மலைக்கு மாறுதலாகி வருபவர் சமவெளிக்கு மாறுதல் கிடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தால், அந்தப் பாடவேளைகள் வரிசையாக யார் தலையிலாவது விழுகின்றன. முப்பது குழந்தைகளை நாற்பது நிமிடம் சத்தமில்லாமல் வைத்திருக்கும் ஒரே கருவி திரைதான் என்றால், களைத்துப்போன மனிதர் அதைத்தான் நாடுவார். அவரைக் குற்றவாளியாக நிறுத்தி விளக்கக் கடிதம் கேட்பது எளிது. எந்த நேரத்தில் அவரைத் தகவல் கேட்டு அழைத்தோம் என்று அலுவலகம் தன்னையே கேட்டுக்கொள்வதுதான் கடினம்.

தனியார் பள்ளிகள் இதற்கு விலக்கு என்று யாரும் கருத வேண்டாம். கட்டணம் கட்டும் பெற்றோர்களும் இதையே சொல்கிறார்கள். அங்கே படம் ஆங்கிலத்தில் ஓடுகிறது, அவ்வளவே வித்தியாசம்.

படமே கூடாதா என்றால், நல்ல படத்துக்கு உரிய இடத்தைப் பள்ளிக் கல்வித் துறையே ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். படத்தை முன்கூட்டித் தேர்ந்தெடுப்பது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, முடிந்த பிறகு மாணவர்களைப் பேசவைப்பது, விமர்சனம் எழுதவைப்பது என்று அதில் இருந்த ஒவ்வொன்றும், பென் டிரைவ் படத்தில் இல்லாதவை. சினிமாவை ஒரு கலையாகப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு நான் முழு மனத்தோடு ஆதரவு. திரையரங்குக்குப் போக டவுன் வரை இறங்க வேண்டிய எஸ்டேட் பிள்ளைகளுக்கு, நண்பர்களோடு இருட்டில் உட்கார்ந்து ஒரு நல்ல கதையைப் பார்ப்பது அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய இன்பம்தான். பெயர் சொல்லி, நாள் குறித்து, பெற்றோருக்கும் அறிவித்துக் கொடுங்கள். பாடவேளையின் பெயரில் கொடுக்க வேண்டாம்.

இனி நான் வேண்டுவது. முதலாவதாக, பாடவேளையில் காட்டும் எந்தக் காணொளியும் அந்த வாரப் பாடக்குறிப்பில் இடம்பெற்றதாகவும், எதற்காகக் காட்டுகிறோம் என்ற ஒரு வரியோடும் இருக்க வேண்டும் என்று மாவட்ட அளவில் அறிவுறுத்தல் வேண்டும். ஆசிரியர் இதற்காக இன்னொரு படிவமோ இன்னொரு செயலிப் பதிவோ நிரப்பும்படி செய்துவிடாதீர்கள், அது நோயை விட மோசமான மருந்தாகும். ஏற்கெனவே எழுதும் பாடக்குறிப்பிலேயே ஒரு வரி போதும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் காணொளியைத் துண்டாக்கிக் காட்டுவது வழக்கமாகட்டும்.

அதைவிட முக்கியமானது, ஆசிரியர் இல்லாத பாடவேளைக்கு என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு பள்ளியும் ஜூன் மாதத்திலேயே திட்டம் வைத்திருப்பது. மழைநாளில் பாதி வகுப்பு வரும்போது புதுப் பாடம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டு பேர் மட்டும் இருக்கும் வகுப்பு ஓர் ஆசிரியருக்கு ஆண்டு முழுதும் கிடைக்காத வரம். படிக்கத் தடுமாறும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கதையை வாய்விட்டுப் படிக்கவைக்க அந்த நாளைவிட ஏற்ற நாள் இல்லை. வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் பல பள்ளிகளில் பீரோவுக்குள் ஈரம் குடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை வெளியே எடுக்கலாம். தகர டப்பாவையும் அளவுகோலையும் வைத்துப் பள்ளி முற்றத்திலேயே மழையை அளந்து, மில்லிமீட்டரில் எழுதி, வரைபடம் போடலாம். கணக்கும் புவியியலும் சேர்ந்த அந்தப் பாடத்துக்கு இந்த மாவட்டத்தை விடச் சிறந்த ஆய்வகம் தமிழ்நாட்டில் கிடையாது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஏற்றபடி இப்படிப்பட்ட மழைநாள் வேலைகளை நம் ஆசிரியர்களைக் கொண்டே தொகுத்து, பருவமழைக்கு முன் பள்ளிகளுக்கு அனுப்ப மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஈடுசெய்யும் சனிக்கிழமைகளை அரை நாளாக வைத்தாலும் சரி, அன்று நடக்கும் பாடவேளைகள் பாடவேளைகளாக இருக்கட்டும். அந்த நாளுக்குப் பேருந்து நேரம் ஒத்துவருகிறதா என்று போக்குவரத்துக் கழகத்தோடு பேசினால் வருகையும் கூடும். பள்ளி நேரமான காலை ஒன்பதரைக்கும் மாலை நான்குக்கும் இடையே எமிஸ் பதிவு கேட்டு எந்தச் செய்தியும் பள்ளிக்கு அனுப்பப்படாது என்று உங்கள் அலுவலகம் தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக்கொள்ள வேண்டுகிறேன். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் படங்கள் நின்றுவிடும் என்று ஆசிரியர்கள் என்னிடம் சொல்கிறார்கள். மிகையாகவும் இருக்கலாம், ஆனால் சோதித்துப் பார்க்கச் செலவு ஒன்றும் இல்லை. இரண்டு ஆசிரியர் பள்ளிகளில் ஒருவரைப் பயிற்சிக்கு அழைக்கும் நாளில் பக்கத்துப் பள்ளியிலிருந்தோ வட்டார வள மையத்திலிருந்தோ ஒருவரை அனுப்ப ஏற்பாடு வேண்டும். மாற்று ஆள் இல்லையென்றால் அந்தப் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள்.

தேர்வு முடிந்த கடைசி நாட்களைப் பொறுத்தவரை நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். விடைத்தாளைக் கொடுத்து, எங்கே தவறியது என்று ஒவ்வொருவரோடும் பேசி முடித்த பிறகு, பிள்ளைகளே கைதூக்கித் தேர்ந்தெடுத்த, தலைமை ஆசிரியர் முழுதும் பார்த்து ஒப்புதல் தந்த ஒரு படத்தை மதியத்துக்கு மேல் போட்டால் எந்தப் பெற்றோரும் குறை சொல்லப் போவதில்லை. ஆசிரியரும் நோட்டுக் கட்டை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.

பெற்றோர்களாகிய எங்கள் பங்குக்கும் ஒரு சொல் உரியது. வீட்டுக்கு வந்ததும் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு, பள்ளியில் படம் போடுகிறார்கள் என்று குறை சொல்வது பொருந்தாது என்று எங்கள் குழுவிலேயே ஒரு தாய் சொன்னார். அவர் சொன்னது சரி. இன்று என்ன படித்தாய் என்று பிள்ளையைக் கேட்கும் பழக்கத்தை நாங்களும் தொடங்க வேண்டும். படம் பார்த்தோம் என்று பதில் வந்தால், கோபப்படாமல், எந்தப் பாடவேளையில், எந்த ஆசிரியர் வராததால் என்று கேட்டு மேலாண்மைக் குழுவில் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவு ஆசிரியர் மேல் புகாராகப் போகாமல், எந்தப் பணியிடம் எத்தனை நாளாகக் காலி என்ற கணக்காக உங்கள் மேசைக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

அடுத்த பருவமழை விடுமுறைக்கான ஈடுசெய்யும் நாட்களின் பட்டியல் வெளிவருவதற்கு முன், மேலே கேட்டவற்றில் எவை இயலும், எவை இயலாது என்று ஒரு பதில் தாருங்கள். இயலாதவற்றுக்குக் காரணமும் சொல்லுங்கள். அதை எங்கள் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள விரும்புகிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.